மாமனாரின் வண்டியைக் கழுவிய நாள்

மகள் வீட்டுக்குத் தன் காரைக் கொடுக்கும்போதே அப்பா ஒரு நிபந்தனையையும் சேர்த்துத்தான் கொடுத்தார்.

"பெட்ரோல் போடலைன்னாகூடப் பரவாயில்லை, மாப்பிள்ளை. ஆனா பெயின்ட்ல ஒரு கீறல் பார்த்தேன், அன்னைக்கே சாவிய வாங்கிட்டுப் போயிருவேன். அப்புறம் என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

மாப்பிள்ளை தலையாட்டினான். அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் விசில் சார். நல்ல உயரம். அப்பாவோ அவன் தோளுக்குக்கூட வரமாட்டார். அண்ணாந்து பார்த்து மிரட்ட வேண்டியிருந்ததால் மிரட்டலில் பாதி வானத்துக்குப் போய்விட்டது. மீதிப் பாதியே போதுமானதாக இருந்தது.

அப்பா லிஃப்ட் சோதனை செய்யும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பியில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் கண்டுபிடித்து, அந்தக் கட்டடத்தையே மாடிப்படி ஏற வைத்துவிடுவார். வேலை போனாலும் டார்ச் லைட் போகவில்லை. ஓய்வுக்குப் பிறகு அவர் சோதிக்க மிஞ்சியது அம்மாவும் வண்டியும்தான். அம்மா ஒத்துழைக்கவில்லை. வண்டி ஒத்துழைத்தது.

அடர்நீல வண்டி, நிழலில் கறுப்பாகத் தெரியும். தினமும் காலையில் காய்ந்த துணியால் அதைத் துடைப்பார். வார இறுதியில் மெழுகு பூசி, மூச்சு வாங்கத் தேய்ப்பார். தண்ணீர் மட்டும் காட்டமாட்டார். "இரும்புப்பா அது. துரு எப்ப வரும்னு சொல்லிட்டு வராது." மழைக்கு முன்னால் எல்லோரும் மொட்டைமாடித் துணியை எடுக்க ஓடினால், அவர் வண்டியை மூட ஓடுவார்.

அப்படிப்பட்டவர் அதை மகள் வீட்டில் கொண்டுவந்து நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. மகளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் விடியற்காலையில் பொய்வலி வந்தபோது, கூப்பிட்ட டாக்சி எதுவும் வரவில்லை. தெருமுனையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் கடைசியில் தண்ணீர்க் கேன் போடுகிற வேன்தான் ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் கேன்களுக்கு நடுவிலிருந்து அவள் இறங்கியதைப் பார்த்த காவலாளி, "டெலிவரியா?" என்று கேட்டதாக அவள் கணவன் இன்னமும் சொல்லிச் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது. குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. பனிக்குடம் உடைந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, கையோடு வண்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதைக் கேட்டுவிட்டு அப்பா ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார். மறுநாள் வண்டியோடு வந்தார். கூடவே ஒரு கட்டுக் காய்ந்த துணி.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மத்தியானத்துக்கு மேல் அவரும் அம்மாவும் பஸ் பிடித்து வருவார்கள். அம்மா மகளைப் பார்ப்பாள். அப்பா வண்டியைப் பார்ப்பார்.

அன்றும் ஞாயிறு. காலையில் வாசலுக்குப் போன கணவன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"முடிஞ்சுது கதை. வந்து பாரேன்."

இரவு அடித்த காற்றில் வண்டியின் உறை ஒரு பக்கமாக விலகிப்போயிருந்தது. பக்கத்து மரத்தில் பழம் தின்ற பறவைகள் எல்லாம் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்திருக்க வேண்டும். பானெட் முழுக்க வெள்ளையும் ஊதாவுமாக எச்சம்.

"நகத்தால சுரண்டிட்டாப் போச்சு" என்று அவன் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!"

அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். இப்போது விடுப்பு. பேச்சு குறைவு. அவள் குரல் உயர்ந்தால் அவன் நின்றுவிடுவான்.

"அதுல மண்ணும் விதையும் இருக்கு. சுரண்டினா இழுத்துட்டுப் போகும். அப்படியே விட்டாலும் வெயில் ஏற ஏற பெயின்டை அரிச்சிரும். ஈரத்துணியை மேல போட்டு ஊற விடுங்க. ஊறினதும் தானா வந்துரும். அப்புறம் வண்டி முழுசையும் தண்ணி ஊத்திக் கழுவிருங்க."

"தண்ணியா? உங்கப்பா என்னைக் கழுவி ஊத்திருவார்."

"அவர் வர்றதுக்குள்ள காஞ்சிரும்."

இவ்வளவு பேசியதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே போய்ப் படுத்தாள். இரவெல்லாம் குழந்தை உதைத்திருந்தது. கண் அயர்ந்துவிட்டாள்.

எழுந்தபோது வாசலில் அவன் வெற்றிக் கோப்பையோடு நிற்பவனைப் போல நின்றுகொண்டிருந்தான். சட்டை நனைந்திருந்தது. வண்டி நிழலில் மின்னியது.

"எல்லாம் வீடியோ பார்த்துத்தான். முதல்ல வெறும் தண்ணி அடிச்சு மண்ணெல்லாம் இறக்கிட்டேன். ரெண்டு வாளி. ஒண்ணுல சோப்பு, ஒண்ணுல துணி அலச. மேலிருந்து கீழ. சக்கரத்துக்குத் தனித் துணி. ஒரு துணி கீழ விழுந்துச்சு, அதை அப்படியே தூக்கிப் போட்டுட்டேன். காயறதுக்குள்ள டவலால ஒத்தி எடுத்தேன், தேய்க்கலை. போதுமா, இன்னும் வேணுமா?"

"சார் பாஸ்" என்றாள்.

"இரு, வெயில்ல காட்டறேன். கண்ணு கூசும் பாரு."

வண்டியைப் போர்ட்டிகோவிலிருந்து பின்னுக்கு எடுத்து வெயிலில் நிறுத்தினான். கண் கூசியது. கூசிய இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை விரித்த மாதிரி, கணக்கில்லாத மெல்லிய கீறல்கள். பானெட்டில், கதவுகளில், டிக்கியில். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி வட்டவட்டமாக அதே வலை.

அவன் முகத்தில் இருந்த கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

"நான் தேய்க்கவே இல்லையே" என்றான். பிறகு மெதுவாக, "தேய்ச்சேனோ?"

அவள் அவன் பயன்படுத்திய துணியை எடுத்துப் பார்த்தாள். மெத்தென்ற துணி, மண் இல்லை. வாளிகளைப் பார்த்தாள். அலசிய வாளியின் அடியில் மட்டும் வண்டல் படிந்திருந்தது. எல்லாம் முறையாகத்தான் செய்திருக்கிறான். சுவரோரம் சமையலறைப் பாத்திரம் கழுவும் திரவம், முக்கால் பாட்டில் காலியாக நின்றது.

"இதையா போட்டீங்க?"

"தட்டுல கீறல் விழறதில்லையே. வண்டியில மட்டும் எப்படி விழும்?"

விழாது. அது அவளுக்குத் தெரியும். அந்தத் திரவம் கீறாது, எண்ணெய்ப் பசையைத்தான் எடுக்கும். வண்டியின் மேல் இருந்த எண்ணெய்ப் பசை அப்பாவின் மெழுகு. வருஷக்கணக்காக வார இறுதியில் அவர் பூசிய மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்து அவற்றை மறைத்திருக்கிறது. இவன் அதைச் சுத்தமாகக் கழுவி எடுத்துவிட்டான். அப்படியானால் கீறல்கள் முன்பே இருந்தவை. காலையில் வண்டி மேல் படிந்திருக்கும் தூசி என்பது பொடி மணல்தான். அதைத் தண்ணீர் காட்டாமல் காய்ந்த துணியால் தினமும் தேய்த்தால், உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான்.

"இது உங்க கீறல் இல்லை" என்றாள்.

"பின்ன, மரத்துல உட்கார்ந்த பறவை போட்டதா?"

அவள் சொன்னாள். அவன் கேட்டான். நம்ப ஆசையாகத்தான் இருந்தது அவனுக்கு.

"சரி, இதை உங்கப்பாகிட்ட யார் சொல்றது? 'மாமா, நீங்கதான் வண்டியைப் பாழாக்கினீங்க, நான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன்'னு நானா? பறவைக்கு வக்காலத்து வாங்கறது அதைவிட ஈசி."

"நான் சொல்றேன்."

"நீயா?" என்றான் அவன். அந்த ஒரு சொல்லில் கேலியைவிடப் பரிதாபமே அதிகம் இருந்தது. வீட்டில் அப்பா சொன்னதை மறுத்து அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் தேர்ந்தெடுத்த கல்லூரியில் படித்தாள். அவருக்குப் பிடித்த நிறத்தில் குடை வைத்திருந்தாள்.

மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அதற்குள் இவர்கள் வண்டியை மறுபடி நிழலுக்குள் தள்ளி உறையும் போட்டிருந்தார்கள். அது தப்பாகப் போயிற்று. பகலில் உறை போட்டிருந்ததே அப்பாவுக்குப் போதும். தண்ணீர்கூடக் குடிக்காமல் உறையை விலக்கினார். மோந்து பார்த்தார்.

"தண்ணி ஊத்தியிருக்கீங்க."

"எச்சம் போட்டிருந்துச்சு மாமா, பானெட் முழுக்க..."

டார்ச் வெளியே வந்தது. வெளிச்சம் பானெட்டில் விழுந்தது. அதைச் சுற்றி வலை விரிந்தது. அப்பா டார்ச்சை நகர்த்தினார். வலையும் கூடவே நகர்ந்தது. கதவு, டிக்கி, மறுபடி பானெட். ஒரு சுற்று வந்து முடித்தபோது அவர் சட்டையின் முதுகு வேர்த்திருந்தது. கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. குரல் உள்ளே போயிருந்தது.

"எதால தேய்ச்சீங்க, மாப்பிள்ளை? தேங்காய் நாராலயா?"

"துணியாலதான் மாமா."

"துணி இப்படிக் கீறுமா? நான் இத்தனை வருஷமா துணியாலதானே துடைக்கறேன்?"

அவள் வாயைத் திறந்தாள். பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அழுகிற குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் போயிருந்தது அது. வாய் மூடிக்கொண்டது.

"சாவியக் குடுங்க" என்றார்.

"உங்களுக்கு என்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று அம்மா குறுக்கே வந்தாள். "நிறைமாசமா நிக்கறா பொண்ணு. தகரத்துல நாலு கோடு விழுந்ததுக்கு வண்டியத் தூக்கிட்டுப் போறேங்கறீங்க."

"சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கு. டாக்சி கம்பெனிக்காரன்கிட்டப் பேசி வாசல்லயே ஒரு வண்டி நிறுத்தச் சொல்றேன்."

"ஆமா, போன தடவை வந்து வரிசையா நின்னாங்களே."

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருந்தேன், கல்யாணம் ஆன நாள்லேருந்து. அதான் இப்படி இருக்கு."

கணவன் இரண்டு பேருக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவ்வளவு உயரமும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "தப்புத்தான் மாமா. என்னையும் அறியாம எங்கயாவது அழுத்திட்டேன் போல. மன்னிச்சிருங்க. வண்டி மட்டும் இருக்கட்டும், ஆஸ்பத்திரி முடியற வரைக்கும்" என்றான். காலையில் அவ்வளவு விளக்கிச் சொல்லியும், தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை அவன் விட்டுக்கொடுத்துவிட்டான். வண்டி வேண்டும் அவனுக்கு. அவளுக்காக வேண்டும்.

அப்பா சாவியை வாங்கி டிரைவர் கதவைத் திறந்து, வண்டியைத் தானே பின்னுக்கு எடுத்து வெயிலில் நிறுத்தினார். முழுச் சேதத்தையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்ட மாதிரி. பிறகு இறங்கி, மாற்றுச் சாவியையும் கேட்டார். அது மாடியில் இருந்தது.

"நான் எடுத்துட்டு வர்றேன்" என்று அவள் படியேறினாள். ஒவ்வொரு படியிலும் நின்றாள். அங்கே நின்றிருந்தால் அழுதுவிடுவோம் என்றுதான் ஏறினாள்.

சாவியை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். கீழே வண்டியின் கூரை தெரிந்தது. சூரியன் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. கூரையின் ஓரத்தில் அதன் பிம்பம் விழுந்து, சுற்றிலும் அதே சிலந்தி வலை. அவள் இரண்டடி நகர்ந்தாள். பிம்பமும் நகர்ந்து கூரையின் நடுவுக்கு வந்தது.

வலை காணாமல் போனது.

நடுவில் சூரியன் சுத்தமாக ஒரு பொட்டு மாதிரி மட்டும் இருந்தது. இன்னும் நகர்ந்தாள். மறு ஓரம் வந்ததும் வலை மறுபடி விரிந்தது. திரும்பி வந்தாள். நடுவில் இல்லை. நீளவாக்கில், ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்குக் கண்ணாடி போன்ற ஒரு தீவு.

"என்னங்க" என்று கீழே பார்த்துக் கூப்பிட்டாள். "கூரையில நடுவுல கழுவுனீங்களா?"

"நடுவுலதான் ரொம்ப நேரம் கழுவுனேன். அங்கதான் அழுக்கு அடை அடையா இருந்துச்சு. ஏன், அங்கயும் போச்சா?"

"அப்பா, கொஞ்சம் மேல வாங்க" என்றாள்.

"சாவியக் கீழ போடு, போதும்."

"வாங்கப்பா."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அம்மா அவர் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். அப்பா ஏறி வந்தார். அவள் அவரைப் பால்கனியின் ஓரத்தில் நிறுத்தினாள்.

"கூரையைப் பாருங்க. பார்த்துக்கிட்டே இந்தப் பக்கமா நடங்க."

அவர் நடந்தார். நின்றார். பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார். வாழ்நாளெல்லாம் பழுது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்த கண். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. தன் வலது கையைத் தோளளவில் நீட்டி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, கூரையின் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் எட்டும் என்று காற்றில் ஒரு முறை துடைத்துப் பார்த்தார். கை எங்கே நின்றதோ அங்கேதான் வலையும் நின்றது.

கையை மடக்கிக்கொண்டார்.

"மாப்பிள்ளை கை நடுவுலயும் எட்டும்" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி.

"ஆமாப்பா."

"மெழுகு போட்டாப் போயிருமேம்மா. பளபளன்னு ஆயிருமே."

"போகாதுப்பா. மூடிக்கும். இன்னைக்கு அந்தச் சோப்பு மூடியத் திறந்துருச்சு."

அவர் கீழே பார்த்தார். கணவன் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, கதவை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அவனுக்கு டீ நீட்டினாள். அவன் வேண்டாம் என்றான்.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "சரி. வண்டி இங்கயே இருக்கட்டும். நான் மனசு மாறிட்டேன்னு சொல்லிக்கறேன். நீ இதை அவர்கிட்டச் சொல்ல வேணாம், என்ன?"

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு கீழே போனால் போதும். வலி வந்தால் வண்டி இருக்கும். கணவன்கூடச் சந்தோஷப்படுவான். மாமா பெரிய மனசுக்காரர் என்பான். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவர் டார்ச் அடிக்கும்போதெல்லாம் அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

"சொல்லணும்பா" என்றாள்.

"என்ன?"

"நீங்க சொல்லுங்க. இல்லைன்னா நான் சொல்றேன்."

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். லிஃப்ட் பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"உனக்கு வண்டி வேணாமா?"

"வேணும். அவர் பண்ணாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கார். அதுவும் நிக்கணும். எனக்கு ரெண்டும் வேணும்." பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சாவிய நீங்க எடுத்துட்டுப் போனாலும் சொல்லத்தான் போறேன்."

அவர் படியிறங்கினார். அவள் பின்னால் போகவில்லை. போனால் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று பட்டது. பால்கனியிலிருந்தே பார்த்தாள்.

அப்பா அம்மாவிடம் ஒரு முக்காலி கேட்டார். "தூக்கு மாட்டிக்கவா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா கொண்டுவந்து போட்டாள். அதன்மேல் ஏறி நின்று, கூரைக்கு டார்ச் அடித்து, ஓரத்தையும் நடுவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மேலேயிருந்து பார்த்தது போதாதா என்று அவளுக்குத் தோன்றியது. போதாதுதான். சோதனை என்றால் முழுமையாக இருக்க வேண்டும் அவருக்கு.

"மாப்பிள்ளை" என்றார் முக்காலி மேலிருந்தே. இப்போது இரண்டு பேர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. "இது உங்க கீறல் இல்லை."

"இருக்கட்டும் மாமா, நான்தான்..."

"சொல்றதைக் கேளுங்க. எனக்கு நடுவுல எட்டாது. அங்க கீறலே இல்லை. எட்டின இடமெல்லாம் கீறல். எல்லாம் நான் துடைச்சது. மண்ணோட சேர்த்துத் துடைச்சிருக்கேன்."

அம்மாதான் முதலில் பேசினாள்.

"நல்லவேளை, பொண்ணைத் தினமும் துடைக்காம விட்டீங்க."

கணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், அது மூக்கு வழியாக வந்தது. அப்பா முறைத்தார். பிறகு அவர் தோளும் குலுங்கியது.

"சோப்பு என்னோட தப்பு மாமா. பாத்திரம் கழுவற சோப்பு. மெழுகையெல்லாம் எடுத்துருச்சு."

"பாத்திரம் கழுவற சோப்பா?" அப்பாவின் குரல் பழைய இடத்துக்கு வந்தது. "என் வண்டி என்ன குழம்புச் சட்டியா? வண்டிக்குன்னு தனியா விக்கறான்ல, அதை வாங்க மாட்டீங்களா?"

"வாங்கிருவோம் மாமா."

"நான் வாங்கிட்டு வர்றேன். நீங்க வாங்கினா ஷாம்பூ பாக்கெட் வாங்குவீங்க." முக்காலியிலிருந்து இறங்கக் கை நீட்டினார். கணவன் பிடித்து இறக்கினான். இறங்கிய பிறகும் அவர் அந்தக் கையை உடனே விடவில்லை. "அழுக்கை ஏன் முதல்ல தண்ணியிலயே இறக்கணும்? அந்த ரெண்டாவது வாளி எதுக்கு? அதைச் சொல்லுங்க."

கணவன் சொன்னான். விசில் இல்லாததுதான் குறை. மற்றபடி மைதானத்தில் நின்று சொல்வது போலவே சத்தமாக, செய்துகாட்டிச் சொன்னான். அப்பா நடுநடுவே, "அப்ப துருப் பிடிக்காதா?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவன் மாடியை நிமிர்ந்து பார்த்தான். அவள் பிடிக்காது என்று தலையாட்டினாள்.

வெயில் இறங்கியதும் அவளும் கீழே வந்தாள். அப்பாவும் அம்மாவும் கிளம்பினார்கள். மாற்றுச் சாவி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. நீட்டினாள்.

"அது எதுக்கு எனக்கு?" என்றார் அப்பா. அவளைப் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டார். "வண்டிய உள்ள தள்ளி விடும்போது மூஞ்சி ரோட்டைப் பார்த்து இருக்கணும்னு அவர்கிட்டச் சொல்லு. அவசரத்துல ரிவர்ஸ் எடுக்கறது வேலைக்காகாது. சுவத்துல இடிச்சாலும் இடிக்கட்டும், நிக்காம போகணும்."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் இடிக்கட்டும் என்றதைத் தன் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம் போல. பிறகு அவருக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

கணவன் வண்டியைத் திருப்பி, மூஞ்சி தெருவைப் பார்க்கும்படி போர்ட்டிகோவுக்குள் மெதுவாகப் பின்னால் விட்டான். நேராக நிற்கவில்லை. மறுபடி எடுத்து மறுபடி விட்டான். அவள் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினாள்.